சோறு மறுக்கும் நாயை மறுபடி சாப்பிட வைக்க

தட்டுச் சத்தம் கேட்டாலே ஓடி வரும் நாய் ஒருநாள் காலையில் வராது. தட்டை அதன் மூக்கருகே கொண்டுபோய் வைப்போம். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துவிடும். அன்றைக்கு நமக்கும் சோறு இறங்காது. நாய் வளர்க்கும் எந்த வீட்டுக்கும் இந்தக் காலை ஒருமுறையாவது வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் அது செவலைக்கு வந்தது. சிப்பிப்பாறைக் கலப்பு, அப்போது பதினைந்து கிலோ. உண்ணிக் காய்ச்சலில் ஐந்து நாள் தானாக ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அந்த ஐந்து நாளும் பதற்றத்தில் நான் செய்தவற்றில் பாதி தப்பு. அதற்கப்புறம் அடிபட்டதும் காய்ச்சலில் கிடந்ததுமாகத் தெருநாய்கள் சிலவற்றை வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். முதல்முறையாக இதைச் சந்திப்பவர்கள் என் தப்புகளைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில்: மாட்டேன் என்கிறதா, முடியவில்லையா?

செவலையைத் தூக்கிக்கொண்டு போனபோது கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி இது: "ஏம்மா, இது சாப்பிட மாட்டேங்குதா, சாப்பிட முடியலையா?" எனக்குப் பதில் தெரியவில்லை. நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நாயைப் பார்க்கவில்லை.

நீங்கள் நாயைப் பாருங்கள். தட்டு வைத்ததும் ஆசையாக வருகிறது, மோந்து பார்க்கிறது, கவ்வுகிறது, பிறகு கீழே போட்டுவிடுகிறது அல்லது ஒரு பக்கமாகவே மெல்லுகிறது என்றால் பசி இருக்கிறது, வாயில்தான் கோளாறு. பல் ஆடலாம், ஈறு சீழ் பிடித்திருக்கலாம், நாக்கில் புண் இருக்கலாம். மட்டன் எலும்போ கோழி எலும்போ மேல் அண்ணத்தில் இரண்டு பக்கப் பற்களுக்கும் நடுவே குறுக்காக மாட்டிக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். அப்போது முன்னங்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாய், எச்சில் ஒழுக, தாடை தொங்க, தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் திணறினால் அதன் வாய்க்குள் கைவிடாதீர்கள். வெறிநாய்க்கடி நோயும் இப்படித்தான் "தொண்டையில் என்னவோ மாட்டிக்கிச்சு" என்பதுபோலத் தொடங்கும். தள்ளி நின்று மருத்துவரை அழையுங்கள். எச்சில் ஏற்கெனவே கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டாவது வகை, தட்டருகே வந்து மோந்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு, எச்சிலை அடிக்கடி விழுங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வது. அது குமட்டல். காய்ச்சல், சிறுநீரகக் கோளாறு, கணைய அழற்சி, சில மாத்திரைகள் என்று பல காரணங்களால் வரும். புல்லைத் தேடித் தேடித் தின்பதும் இதன் அடையாளமாக இருக்கலாம்.

மூன்றாவது, தட்டுப் பக்கமே வராமல் சுருண்டு கிடப்பது. அது காய்ச்சலாக இருக்கலாம், வலியாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். தீபாவளி வெடிச் சத்தத்தில் இரண்டு நாள் சாப்பிடாத நாய்கள் எத்தனையோ. கூட இருந்த நாய் செத்துப்போனாலும், வீட்டில் ஒருவர் வெளியூர் போனாலும் சில நாய்கள் இப்படிக் கிடக்கும். தெருவில் பெட்டை நாய் ஒன்று பருவத்துக்கு வந்திருந்தால் வீட்டு ஆண் நாய் சோற்றை மறந்து வாசலிலேயே கிடக்கும். அதற்குப் பெரும்பாலும் வைத்தியம் தேவைப்படாது, அந்தப் பருவம் முடிந்ததும் தானாகச் சரியாகிவிடும்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது

நல்ல ஆரோக்கியமான வளர்ந்த நாய் வாலாட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, சோறு மட்டும் வேண்டாம் என்றால் ஒருநாள் பொறுக்கலாம். சித்திரை வெயிலில் பகல் சாப்பாட்டை விட்டுவிட்டு இரவில் மட்டும் சாப்பிடும் நாய்களும் உண்டு. சோர்ந்து கிடந்தால் அந்த ஒருநாள்கூடப் பொறுக்கக் கூடாது. எப்படி இருந்தாலும் இரண்டு நாளைத் தாண்ட விடாதீர்கள்.

குட்டிகளுக்கு இந்தக் கணக்கே கிடையாது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டி ஒரு வேளை விட்டு அடுத்த வேளையும் சாப்பிடவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். சின்னக் குட்டிக்கு இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கூடவே வாந்தி, நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சல் இருந்தால் பார்வோ என்னும் வைரஸ் நோய் என்று சந்தேகப்படுங்கள். பார்வோவில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று எதுவும் வராமல் தவித்தால் அது இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போல நெஞ்சுக்கூடு ஆழமான இனங்களில் இது அதிகம். நள்ளிரவானாலும் ஓட வேண்டும். கருத்தடை செய்யாத பெட்டை நாய், பருவம் முடிந்து ஓரிரு மாதத்துக்குள் சோறு மறுத்து, தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வடிந்தால்தான் நோய் என்று இருந்துவிடாதீர்கள், வடியாத வகைதான் இன்னும் ஆபத்து. ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தாலும், மூக்கில் இரத்தம் வந்தாலும், சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனாலும் இப்படியேதான்.

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகளும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம் இருக்கும். மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் போவதில்லை. நாயையும் பார்ப்பார்கள்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

மருத்துவரிடம் போவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைக் குறித்துக்கொண்டால் அவருக்குப் பெரிய உதவி.

காய்ச்சலைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது, ஏனென்றால் நாயின் உடம்பே நம்மைவிடச் சூடு. மூக்கு ஈரமா காய்ந்ததா என்பதும் எதையும் சொல்லாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாய்க்கென்று தனியாக வாங்கி, நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஒரு அங்குலம் உள்ளே வைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் காய்ச்சல்.

உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு பிசுபிசு என்று ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது.

உண்ணி தேடுங்கள். காதுக்குள், காது மடிப்பில், கால் விரல்களின் இடுக்கில், அக்குளில். செவலைக்கு விரல் இடுக்கில்தான் நான்கு உண்ணி இருந்தது, நான் முதுகை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டேன். உண்ணி இல்லை என்பதாலேயே உண்ணிக் காய்ச்சல் இல்லை என்றும் சொல்ல முடியாது. கடித்த உண்ணி விழுந்துபோன பிறகும் நோய் வரும்.

அப்புறம் எடை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களுக்கு இயல்பிலேயே விலா எலும்பு லேசாகத் தெரியும். கண்ணால் பார்த்து "இளைச்சுப் போச்சு" என்பதும் தப்பாகும், "எப்பவும் போலத்தான் இருக்கு" என்பதும் தப்பாகும். எண் பொய் சொல்லாது.

குமட்டல் அடங்காமல் சோறு காட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

குமட்டலோடு இருக்கும்போது எதைத் தின்கிறதோ, அதைத் தின்றதால்தான் குமட்டியது என்று நாய் மனதில் பதிந்துவிடும். நோய் போன பிறகும் அந்த உணவின் வாசனை வந்தாலே விலகும். செவலைக்கு ஆட்டு ஈரல் என்றால் உயிர். காய்ச்சலின் இரண்டாம் நாள் ஈரலை வேகவைத்து, கெஞ்சிக் கெஞ்சி இரண்டு துண்டு ஊட்டினேன். பத்து நிமிடத்தில் வாந்தி. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அது ஈரல் பக்கம் திரும்பவே இல்லை. நான் பிரியத்தால் செய்தது அது. ஆனாலும் அதற்குப் பிடித்த ஒன்றை நானே பறித்துவிட்டேன்.

எனவே அதற்கு மிகவும் பிடித்த உணவை முதல் நாட்களில் வெளியே எடுக்காதீர்கள். பசி திரும்பும் நாளுக்கு அது வேண்டும். உதட்டை நக்குவதும் எச்சில் ஒழுகுவதும் இருக்கும்வரை தட்டை நாய் படுக்கும் இடத்திலேயே விட்டுவைக்காதீர்கள். சமையலறைத் தாளிப்பு வாசனை எட்டாத, காற்றோட்டமான இடத்தில் படுக்கவிடுங்கள்.

மருத்துவரிடம் "பசிக்கு டானிக் தாங்க" என்று கேட்பதைவிட "குமட்டலுக்கு ஏதாவது கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். மரோபிடன்ட், ஒன்டான்செட்ரான் போன்ற மருந்துகள் நாய்களுக்கு நன்றாகக் கேட்கும். குமட்டல் அடங்கிய பிறகும் பசி வரவில்லை என்றால் பசியைத் தூண்டும் மருந்துகளும் இருக்கின்றன, மிர்டாசபின் அவற்றில் ஒன்று. அளவை அவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுபுரோஃபென் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். கல்லீரலும் சிறுநீரகமும் போய்விடும்.

தண்ணீர்

சோறு இல்லாமல் சில நாள் தாங்கும் நாய் தண்ணீர் இல்லாமல் தாங்காது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் சுமார் 50 முதல் 60 மில்லி கணக்கு. பதினைந்து கிலோ நாய்க்கு முக்கால் லிட்டருக்கு மேல். வாந்தி அடங்கிய நாய்க்கு ஒரேயடியாகக் குடிக்கக் கிண்ணம் நிறைய வைக்காமல், அரை மணிக்கு ஒருமுறை நாலைந்து ஸ்பூன் அளவு வையுங்கள். வெறும் தண்ணீரை மறுத்தால் உப்பில்லாத கோழிச் சாற்றைத் தண்ணீரில் கலந்து பாருங்கள். குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தால் குளுக்கோஸ் ஏற்றித்தான் ஆக வேண்டும். இளநீர் பலர் கொடுப்பார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், அதனால் சிறுநீரகக் கோளாறு இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அடுப்படியில்

வாந்தி நின்று, குமட்டல் அடங்கி, நாய் தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கிய பிறகு சமைக்கலாம். வயிறு காயட்டும் என்று நாள்கணக்கில் பட்டினி போடுவது பழைய வழக்கம். வாந்தி கட்டுப்பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீக்கிரமே கொடுக்கத் தொடங்குவதுதான் குடலுக்கு நல்லது என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

எவ்வளவு கொடுப்பது? நாயின் எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டுங்கள். ஓய்வில் இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி வரும். பதினைந்து கிலோவுக்கு 520. எலும்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 165 கலோரி, வெந்த சாதம் 100 கிராமில் 130. ஆக, 150 கிராம் கறியும் 200 கிராம் குழைந்த சாதமும் சேர்ந்தால் முழு நாள் கணக்கு வந்துவிடும். பார்க்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். நம் மனசு இன்னும் போடச் சொல்லும். போடாதீர்கள்.

முதல் நாள் அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், அதையும் ஐந்தாறு வேளையாக. அதாவது ஒரு வேளைக்கு ஒரு எலுமிச்சம்பழ அளவு. அது வயிற்றில் தங்கினால் இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழுதும். நாலைந்து நாளுக்கு மேல் பட்டினி கிடந்த நாய் என்றால், குறிப்பாகத் தெருவில் எலும்பும் தோலுமாகக் கிடந்து மீட்ட நாய் என்றால், இன்னும் மெதுவாகப் போக வேண்டும். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று வயிறு நிறையப் போட்டால் இரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற உப்புகள் சரிந்து, சாப்பிட்ட பிறகே நாய் செத்துப்போகலாம். பாவம் என்று தட்டு நிறையச் சோறும் கறியும் வைக்கும் நல்ல மனிதர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட நாய்க்கு முதல் வார அளவை மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

உப்பு, மிளகாய், எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு, சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் குறைந்த நாய்க்கு "கொஞ்சம் சால்னா ஊத்தினா சாப்பிடும்" என்று ஊற்றுவது கெடுதலுக்கு மேல் கெடுதல். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சைலிடால் சேர்த்த சர்க்கரையில்லாப் பண்டங்கள், இவையும் கூடாது.

சாப்பிட இழுப்பதற்கு என் அனுபவத்தில் கோழிக்கால் சாறுக்கு இணை எதுவுமில்லை. பிராய்லர் கடையில் கால்கள் மலிவாகவே கிடைக்கும். கால் கிலோ வாங்கி, நகத்தை வெட்டி, நன்றாகக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் குக்கரில் ஏழெட்டு விசில் விடுங்கள். வடிகட்டி, எலும்பு ஒன்றுகூட இல்லாமல் எடுத்து எறிந்துவிடுங்கள். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாறு ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு படலமாக உறையும், அதை வழித்தெடுங்கள். கணைய அழற்சி வந்த நாய்க்குக் கொழுப்பு ஆகவே ஆகாது. அடியில் ஜெல்லிபோல இருப்பதுதான் நமக்கு வேண்டியது. இரண்டு ஸ்பூன் எடுத்துச் சூடாக்கிச் சாதத்தில் விட்டால் அறையே மணக்கும்.

நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 1,700தான், நமக்கு 9,000 அளவில் இருக்கும். அது மூக்கால் சாப்பிடும் பிராணி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உணவுக்கு வாசனை இல்லை, அதனால் அது உணவாகவே தெரிவதில்லை. விரலை விட்டால் இதமாக இருக்கும் சூட்டில், அதாவது நாயின் உடல் சூட்டில், கொடுங்கள். கடையில் வாங்கும் உலர் தீனி தின்னும் நாய்க்கு அதிலேயே வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைத்தாலும் மணம் கிளம்பும். சளியால் மூக்கடைத்திருந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துவிட்டுப் பிறகு தட்டை வையுங்கள். இது ஒன்றாலேயே சாப்பிடத் தொடங்கிய குட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

கருவாட்டு வாசனைக்கு எந்த நாயும் எழுந்து வரும். ஆனால் அதில் உப்பு மிக அதிகம். பச்சை நெத்திலியை அவித்துப் பிசைந்து போட்டால் அதே வேலையைச் செய்யும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மேலே உதிர்த்துவிடலாம். அசைவம் சமைக்காத வீடுகளில் பாலைத் திரித்து எடுத்த உப்பில்லாத பனீர், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, பரங்கிக்காய் மசியல் ஆகியவற்றைப் பாருங்கள்.

இந்தக் கறிச்சோறு நான்கைந்து நாளுக்கு மட்டும்தான். சுண்ணாம்புச் சத்து உட்பட நாய்க்குத் தேவையான பலதும் இதில் இல்லை.

தட்டை எப்படி வைப்பது

சமையல் பாதிதான். மீதி, அதை நாய் முன்னால் வைக்கும் விதம்.

செவலைக்கு ஆறாம் நாள் குமட்டல் நின்றிருந்தது. உதட்டை நக்கவில்லை, தண்ணீர் குடித்தது. ஆனால் தட்டைப் பார்த்தாலே எழுந்து போனது. ஐந்து நாளாக வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, "ஒரே ஒரு வாய்டா தங்கம்" என்று வாயைத் திறந்து திணித்து, சிரிஞ்சால் கஞ்சி ஊற்றி, அதற்குத் தட்டு என்றாலே தொந்தரவு என்றாகியிருந்தது. அம்மா சொன்னார், "அதைச் சும்மா விடு பாப்பா. ஆளாளுக்கு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா அது எப்படித் திங்கும்?" பின்வாசலில் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தார். தன் பக்கத்தில் தரையில் கோழிக்கறித் துண்டு ஒன்றை வைத்துவிட்டுக் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. இருபது நிமிடம் கழித்து செவலை வந்து அவர் முழங்காலில் தலையை வைத்துப் படுத்தது. அப்புறம் அந்தத் துண்டை நக்கியது. அப்புறம் தின்றது. அம்மா இன்னொன்று வைத்தார். நான்கு துண்டோடு நிறுத்திவிட்டார். அன்றைக்கு அது போதும்.

அதிலிருந்து நான் பின்பற்றுவது இதுதான். தட்டு வேண்டாம், தரையிலோ ஒரு வாழையிலைத் துண்டிலோ வையுங்கள். எவர்சில்வர் தட்டின் கிணுகிணுப்பே சில நாய்களுக்கு, அதுவும் மருத்துவமனைக் கூண்டில் இருந்து வந்தவற்றுக்கு, ஆகாது. மூக்குக்கு நேரே நீட்டாமல் ஒரு முழம் தள்ளி, அது தானாகக் கழுத்தை நீட்ட வேண்டிய தூரத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரே ஒருவர், நாய்க்கு மிகவும் பழக்கமானவர், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தால் போதும். பதினைந்து நிமிடத்தில் தொடவில்லை என்றால் பேசாமல் எடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் புதிதாகச் சூடாக்கி மறுபடி வையுங்கள். சாப்பிட்டால் மெதுவாக ஒரு நல்ல வார்த்தை, அவ்வளவுதான். வீடே கைதட்டினால் மிரண்டு நிறுத்திவிடும்.

கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டியிருந்தால் சாப்பிடும் நேரம் மட்டும் பக்கத்தில் இருந்து கழற்றிவிடுங்கள். கழுத்து வலி, மூட்டு வலி உள்ள கிழ நாய்க்குத் தட்டை ஒரு மணைமேல் உயர்த்தி வையுங்கள். காலை வெயில் ஏறும் முன்பும் இரவு எட்டு மணிக்கு மேலும் கொடுத்துப் பாருங்கள். நடக்கத் தெம்பு இருந்தால் சாப்பாட்டுக்கு முன் தெருவில் ஐந்து நிமிடம் மோந்து திரிய விடுவதும் பசியைக் கிளப்பும்.

மாத்திரையும் சிரிஞ்சும்

மாத்திரையை அன்றாடச் சாப்பாட்டில் ஒளித்து வைக்காதீர்கள். ஒருமுறை கசந்துவிட்டால் சோறு முழுவதையும் சந்தேகப்படும். உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் எழுதுவார்கள், வழக்கமாக 28 நாள். வெறும் வயிற்றில் அது குமட்டும். அதனால் நாலு வாய் சாப்பிட்ட பிறகு கொடுத்து, உடனே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோடும் தயிரோடும் கொடுத்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் பல நாய்கள் தெளிந்து சாப்பிடத் தொடங்கும். தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

சிரிஞ்சால் ஊற்றுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான். முழு உணர்வோடு இருந்து, நன்றாக விழுங்கும் நாய்க்கு, வாயின் பக்கவாட்டில், கன்னப் பையில், ஒரு மில்லி இரண்டு மில்லியாக, அது விழுங்கிய பிறகே அடுத்தது என்று தண்ணீரோ சாறோ கொடுக்கலாம். தலையை அண்ணாந்து பிடித்து நேராக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்துவிடும். அது துப்பினாலோ திமிறினாலோ நிறுத்திவிடுங்கள். சிரிஞ்சால் ஒரு நாளின் முழு உணவையும் கொடுப்பது அநேகமாக நடக்காத காரியம், நாய்க்கு நம்மேல் இருக்கும் நம்பிக்கைதான் போகும்.

மூன்று நாளுக்கு மேல் எதுவும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் வாயில் திணிக்கும் போராட்டம் இல்லாமல் உடம்புக்குச் சத்து சேரும், தெம்பு வந்ததும் குழாய் இருக்கும்போதே தானாகச் சாப்பிடவும் தொடங்கும்.

சிறுநீரகம் பழுதான கிழ நாய்

பத்து வயது தாண்டிய நாய், தண்ணீர் அதிகம் குடித்து, அதிகம் சிறுநீர் போய், வாயில் ஒருமாதிரி நெடியடித்துச் சோறு மறுத்தால் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், யூரியா பார்க்கச் சொல்லுங்கள். இவற்றுக்கு ஈரலும் கறியும் கொட்டக் கூடாது, பாஸ்பரஸ் குறைந்த உணவு வேண்டும். அந்தத் தனி உணவைக்கூடக் குமட்டல் இருக்கும் நாட்களில் அறிமுகப்படுத்தாமல், நன்றாக இருக்கும் நாளில் பழைய உணவோடு கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். கடைசிக் கட்டத்தில் சரியான உணவு, தப்பான உணவு என்ற கணக்கைத் தளர்த்தி, எதைத் தின்கிறதோ அதைக் கொடுக்கலாமா என்று மருத்துவரோடு பேசுங்கள். எல்லா வழியும் பார்த்த பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், வற்புறுத்தாமல் பக்கத்தில் இருப்பதும் கவனிப்புத்தான்.

பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவது

நோயெல்லாம் தீர்ந்து, கோழிச் சாற்றின் ருசி கண்டு, பழைய சோற்றை மட்டும் மறுக்கும் நாய் உண்டு. அதன்மேல் கோபப்படாமல் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு பழையது, முக்கால் பங்கு புதியது. அடுத்த இரண்டு நாள் பாதிக்குப் பாதி. பிறகு முக்கால். ஏழாம் நாள் முழுவதும் பழைய சாப்பாடு. இடையில் பிஸ்கட்டும் பன்னும் நீட்டும் கைகளைத் தடுத்து நிறுத்துங்கள். வயிறு நிறைந்திருக்கும் நாய் தட்டைப் பார்க்காது.

எடையை வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் பார்த்துக் குறித்து வையுங்கள். செவலை அந்த ஐந்து நாளில் பதின்மூன்று கிலோவுக்கு இறங்கியிருந்தது. பதினைந்தைத் தொட ஏழு வாரம் ஆனது. ஈரலை நான் அதற்கப்புறம் காட்டவே இல்லை. போன பொங்கலுக்கு மறுநாள் அம்மா வெட்டிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்த ஒரு துண்டை அதுவே வந்து மோந்தது, கொஞ்ச நேரம் நின்றது, எடுத்துக்கொண்டு போனது.